டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் பேப்பரை முதல்முறை எடுக்கிறவர்களுக்கு

முதல் இன்டர்னல் தேர்வில் எனக்கு ஐந்து கணக்குகள் வந்தன. ஐந்தும் வீட்டில் போட்டுப் பார்த்தவை, நோட்டில் எந்தப் பக்கம் என்றுகூட நினைவிருந்தது. ஆனால் நோட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் மேலே "மாறிகளைப் பிரித்தல்", "சமபடித்தானவை", "நேரியல்" என்று தலைப்பு இருந்தது, வினாத்தாளில் தலைப்பு இல்லை. எது எந்த வகை என்று தெரியாமல் ஒன்றைத் தொட்டு, பாதியில் அடித்துவிட்டு, இன்னொன்றைத் தொட்டு, நேரம் முழுக்க அப்படியே போனது. வெளியே வந்து வராந்தாவில் நின்றபோது ஒரு சீனியர் அண்ணா வினாத்தாளை வாங்கிப் பார்த்து, "இன்னாபா, இது எக்ஸ்ல லீனியர், திருப்பிப் போட்டிருந்தா நாலு வரிதானே" என்றார். நான்கே வரிதான். வினாத்தாளை வைத்துக்கொண்டு அங்கேயே போட்டுக் காட்டினார்.

இப்போது சில வருடங்களாகச் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குடியாத்தம், அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள், பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் படிக்கிறவர்கள் என்று எல்லோரும் உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி பாடத்திட்டம் கொஞ்சம் மாறும், யூனிட் வரிசை மாறும். ஆனால் எல்லோரும் விழுகிற குழிகள் ஒன்றேதான். தீர்க்க ஆரம்பிப்பதற்கு முன் சமன்பாட்டை ஒரு வாக்கியம் மாதிரி வாசிக்க யாரும் பழகுவதில்லை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த வாசிப்பைப் பழகுவதற்கான வழி.

வகுப்பு தொடங்கும் முன்பே

இந்தப் பேப்பரில் மதிப்பெண் போவது பெரும்பாலும் புதிதாகக் கற்பதில் இல்லை, பழையதில். சமன்பாட்டைச் சரியாகப் பிரித்துவிடுவார்கள், அப்புறம் தொகையிடலில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் செமஸ்டர் ஆரம்பிக்க இரண்டு வாரம் இருக்கும்போதே தமிழ்நாடு பாடநூலின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் இரண்டாம் தொகுதியைக் கையில் எடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அதில் பத்தாவது அத்தியாயமே சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள்தான். அதற்குப் போகும் முன் பதினொன்றாம் வகுப்பின் தொகையிடல் அத்தியாயத்தில் மூன்று இடங்களை மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள்: பகுதிப் பின்னங்கள், பகுதித் தொகையிடல், பிரதியிடல். ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு போதும். எழுதிப் போட வேண்டும், கண்ணால் படித்து "இது தெரியும்" என்று பக்கத்தைத் திருப்பக் கூடாது.

கூடவே மடக்கையும் அடுக்குக்குறியும். ஒவ்வொரு வருடமும் குறைந்தது பாதிப் பேர் செய்கிற பிழை ஒன்று உண்டு. தொகையிட்ட பிறகு "ஒய்-இன் மடக்கை = 2எக்ஸ் + சி" என்று வந்திருக்கும். அடுத்த வரியில் "ஒய் = இ-யின் அடுக்கு 2எக்ஸ், கூட்டல் சி" என்று எழுதிவிடுவார்கள். தவறு. அடுக்குக்குள் இருந்த கூட்டல் வெளியே வரும்போது பெருக்கலாகிவிடும், ஆகவே மாறிலி முன்னால் நின்று பெருக்க வேண்டும்: ஒய் = சி × இ-யின் அடுக்கு 2எக்ஸ். இதற்கு ஒரே மருந்து, தொகையிட்ட அந்த வரியிலேயே மாறிலியைப் போட்டுவிடுவது. கடைசியில் ஞாபகம் வந்து ஒட்டவைத்தால் தப்பான இடத்தில்தான் ஒட்டும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு

அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் திடீரென்று எல்லாம் ஆங்கிலத்தில் வரும்போது பலர் "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கணக்கு வருகிறது, பெயர்தான் மாறியிருக்கிறது. நானும் அப்படி வந்தவன்தான். நோட்டின் கடைசி நான்கு பக்கத்தை இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் வகுப்பில் சொல்லும் சொல் என்று எழுதிக்கொண்டே வந்தேன். வரிசை என்றால் ஆர்டர், படி என்றால் டிகிரி, தொகையீட்டுக் காரணி என்றால் இன்டக்ரேட்டிங் ஃபேக்டர், நிரப்புச் சார்பு என்றால் காம்ப்ளிமென்டரி ஃபங்ஷன். ஒரு மாதத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்கிற தேவையே போய்விட்டது.

ஒரு சொல்லை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்: ஹோமோஜீனியஸ். இந்த ஒரே பேப்பரில் அதற்கு இரண்டு அர்த்தம். முதல் வரிசைச் சமன்பாட்டில் அப்படிச் சொன்னால், வலப்பக்கம் முழுக்க ஒய்-ஐ எக்ஸ்-ஆல் வகுத்த விகிதமாக எழுத முடியும் என்று பொருள். இரண்டாம் வரிசைக்குப் போனதும் அதே சொல்லுக்கு வலப்பக்கம் பூச்சியம் என்று பொருள். ஆசிரியர் இதைச் சொல்லாமல் போகலாம், அவருக்குப் பழகிவிட்டது. நீங்கள் குழம்பினால் அது உங்கள் குறை இல்லை.

ஒரு டம்ளர் டீயை வைத்து வாசிக்கப் பழகுங்கள்

வகைக்கெழுச் சமன்பாடு என்பது ஒரு பொருள் எப்படி மாறுகிறது என்று சொல்கிற வாக்கியம். அது என்னவாக இருக்கிறது என்பதை நேராகச் சொல்லாது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை மட்டும் சொல்லும். அங்கிருந்து அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

டீ ஆறுவதை எடுத்துக்கொள்வோம். நியூட்டன் 1701-ல் வெளியிட்ட குளிர்தல் விதி சொல்வது இது: டீ ஆறுகிற வேகம், டீயின் வெப்பத்துக்கும் சுற்றியிருக்கும் காற்றின் வெப்பத்துக்கும் இருக்கிற வித்தியாசத்துக்கு நேர்விகிதம். இதை வாயால் இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். "டீயின் வெப்பத்துக்கு" என்று இல்லை, "வித்தியாசத்துக்கு" என்று இருக்கிறது. கணக்கின் உயிர் அந்தச் சொல்லில்தான்.

அறை 30 டிகிரி, டீ 80 டிகிரி, 5 நிமிடத்தில் 65 ஆகிவிட்டது. வித்தியாசம் முதலில் 50, இப்போது 35. அதாவது 5 நிமிடத்தில் வித்தியாசம் 0.7 மடங்கு ஆகியிருக்கிறது. அடுத்த 5 நிமிடத்தில் 35 மறுபடி 0.7 மடங்காகி 24.5, டீ 54.5 டிகிரி. இன்னும் 5 நிமிடம் போனால் வித்தியாசம் 17.15, டீ 47.15. மடக்கை எதுவும் போடாமலே இதுவரை வந்துவிட்டோம். இப்போது "எப்போது 50 டிகிரி ஆகும்?" என்று கேட்டால் பத்து நிமிடத்துக்கும் பதினைந்து நிமிடத்துக்கும் நடுவில் என்று பேனா எடுக்கும் முன்பே தெரிகிறது. முறைப்படி போட்டால் 12.8 நிமிடம் சொச்சம் வரும். யாருக்காவது 7 நிமிடம் வந்தால் அவருக்கே தெரிந்துவிடும், எங்கோ தப்பு என்று.

வாசிக்காமல் போடுகிறவர்கள் 80-ஐயே 0.7-ஆல் பெருக்கி 56 என்று எழுதுகிறார்கள், அல்லது சூத்திரத்தில் அறை வெப்பத்தை விட்டுவிடுகிறார்கள். அதே டீயை வேலூர் மே மாதத்தில், 40 டிகிரி இருக்கிற அறையில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 40-ல் தொடங்குகிறது, 5 நிமிடத்தில் 28, ஆகவே டீ 68 டிகிரி. நம் ஊர்க் கோடையில் டீ மெதுவாகத்தான் ஆறும், அது எந்த வெப்பத்துக்கு மேல் நிற்கிறது என்பதால். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மோர் சூடாவதற்கும் இதே சமன்பாடுதான், வித்தியாசம் எதிர்ப்பக்கம் இருக்கிறது, அவ்வளவே.

ஒவ்வொரு புதுச் சமன்பாட்டிலும் மூன்று கேள்வி கேளுங்கள். எது மாறுகிறது? எதைப் பொறுத்து மாறுகிறது? மாற்றம் எப்போது நின்றுபோகும்? மூன்றாவது கேள்விக்கு டீயில் பதில் 30 டிகிரி. அந்தப் பதில் கிடைத்துவிட்டால் தீர்வின் கடைசி எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

வகையைக் கண்டுபிடிப்பது தனிப் பயிற்சி

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கும். அவற்றைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டி, பின்பக்கத்தில் ஒரு சீட்டுக்கு ஒரு சமன்பாடு என்று நாற்பது எழுதிக்கொள்ளுங்கள், தலைப்பு இல்லாமல். புத்தகத்தின் எல்லாப் பயிற்சிகளிலிருந்தும் கலந்து எடுங்கள். குலுக்கி ஒவ்வொன்றாகத் திருப்பி வகையை மட்டும் சொல்ல வேண்டும். தீர்க்க வேண்டாம். பஸ்ஸில் வரும்போதே செய்யலாம். இதைப் பத்து நாள் செய்தவர்கள் யாரும் வினாத்தாளைப் பார்த்து நான் நின்ற மாதிரி நிற்கவில்லை.

முதல் வரிசைச் சமன்பாட்டுக்கு நான் கேள்வி கேட்கிற ஒழுங்கு இப்படி. முதலில், எக்ஸ் எல்லாம் ஒரு பக்கம் ஒய் எல்லாம் ஒரு பக்கம் என்று பிரிக்க முடியுமா? முடிந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். இல்லையென்றால் ஒய்-யும் அதன் வகைக்கெழுவும் முதல் படியில் மட்டும், ஒன்றோடொன்று பெருக்காமல் நிற்கின்றனவா? அப்படியானால் நேரியல். அதுவும் இல்லையா, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். டிஒய்/டிஎக்ஸ் = 1/(எக்ஸ் + ஒய்²) என்பது பார்க்க எந்த வகையிலும் சேராது, திருப்பினால் டிஎக்ஸ்/டிஒய் = எக்ஸ் + ஒய்², எக்ஸ்-இல் சுத்தமான நேரியல். அன்றைக்கு வராந்தாவில் அண்ணா காட்டியது இப்படிப்பட்ட ஒன்றைத்தான். அப்புறம் ஒய்/எக்ஸ் விகிதமாக எழுத முடிகிறதா என்றும், எக்ஸாக்ட் சோதனை (முழுச் சமன்பாடும் ஒரே சார்பின் வகையீடாக அமைகிறதா என்கிற சோதனை) பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக பெர்னூலி, அதாவது நேரியல் மாதிரியே இருந்து வலப்பக்கம் மட்டும் ஒய்-இன் ஏதோ ஒரு அடுக்கு ஒட்டிக்கொண்டிருப்பது. யாக்கோப் பெர்னூலி 1695-ல் இதைக் கேள்வியாக வைத்தார், அடுத்த ஆண்டே லைப்னிட்ஸ் ஒரு பிரதியிடலால் நேரியலாக மாற்றலாம் என்று காட்டினார். முன்னூறு வருடத்துக்கு மேலாக அதே பிரதியிடல்தான் தேர்வில் வருகிறது.

இன்னொரு எச்சரிக்கை. பிரிக்கும்போது இரு பக்கமும் ஒய்-ஆல் வகுக்கிறீர்கள் அல்லவா, ஒய் பூச்சியமாக இருந்தால் அந்த வகுத்தல் செல்லாது. ஒய் = 0 என்பதும் ஒரு தீர்வாக இருக்கலாம், வகுத்த அந்த நொடியில் அது கைவிட்டுப் போய்விடும். ஓரத்தில் ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு கடைசியில் சரிபாருங்கள்.

தொகையீட்டுக் காரணி எங்கிருந்து வருகிறது

இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்து போட்டால் மதிப்பெண் வரும், ஆனால் பாடம் வராது.

மாடித் தொட்டி ஒன்று, கொள்ளளவு 2000 லிட்டர், இப்போது அதில் பாதி, 1000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. நம் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பு எல்லோருக்கும் தெரியும், சரி, அந்த 1000 லிட்டரில் மொத்தம் 5000 கிராம் உப்பு என்று வைப்போம். நிமிடத்துக்கு 10 லிட்டர் உள்ளே வருகிறது, அதில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு. கீழே நிமிடத்துக்கு 5 லிட்டர் வெளியே போகிறது. தொட்டி நன்றாகக் கலந்துகொண்டே இருக்கிறது. உப்பு எப்படி மாறும்?

வாசிப்பு எப்போதும் ஒன்றுதான்: வருவது கழித்தல் போவது. வருவது நிமிடத்துக்கு 20 கிராம். போவதற்கு, தொட்டியில் அந்த நேரத்தில் இருக்கிற உப்பை அந்த நேரத்துத் தண்ணீரால் வகுத்து 5-ஆல் பெருக்க வேண்டும். தண்ணீர் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஏறுகிறது, அதாவது 1000 + 5நே. உப்பை உ என்றும், அது மாறுகிற வேகத்தை உ′ என்றும், நேரத்தை நே என்றும் எழுதினால், போவது 5உ/(1000 + 5நே), சுருக்கினால் உ/(200 + நே). ஆக

உ′ = 20 − உ/(200 + நே)

இதில் உ-வையும் நே-வையும் பிரிக்க முடியாது, முயன்று பாருங்கள். நேரியல். உப்புள்ள பகுதியை இடப்பக்கம் கொண்டுவந்து, முழுவதையும் (200 + நே)-ஆல் பெருக்குங்கள்:

(200 + நே) உ′ + உ = 20 (200 + நே)

இடப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அது (200 + நே) × உ என்ற பெருக்கலின் வகைக்கெழு. பெருக்கல் விதி தலைகீழாக நிற்கிறது. அவ்வளவுதான் தொகையீட்டுக் காரணி: இரண்டு உறுப்பாகப் பிரிந்து கிடக்கிற இடப்பக்கத்தை ஒரே வகைக்கெழுவாக மூடிவைக்கிற ஒரு பெருக்கி. இப்போது இரு பக்கமும் தொகையிட்டால் (200 + நே) உ = 10 (200 + நே)² + சி. தொடக்கத்தில் நே = 0, உ = 5000 என்று போட்டால் பத்து லட்சம் = நான்கு லட்சம் + சி, ஆகவே சி ஆறு லட்சம்.

உ = 10 (200 + நே) + 6,00,000/(200 + நே)

பதில் வந்துவிட்டது என்று பேனாவை மூடாதீர்கள். நே = 0 போட்டால் 2000 + 3000, சரியாக 5000. தொட்டி நிரம்ப இன்னும் 1000 லிட்டர் வேண்டும், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஏறுகிறது, 200 நிமிடம். அப்போது உ = 4000 + 1500 = 5500 கிராம், தண்ணீர் 2000 லிட்டர், லிட்டருக்கு 2.75 கிராம். 5 கிராமில் தொடங்கி, உள்ளே வருகிற 2 கிராமை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது, நியாயமாக இருக்கிறது. மொத்த உப்பு கூடியிருக்கிறது, செறிவு குறைந்திருக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. 200 நிமிடத்துக்கு மேல் இந்தச் சமன்பாட்டுக்கு அர்த்தம் இல்லை, தொட்டி வழிய ஆரம்பித்துவிடும். ஒரு தீர்வு எந்த இடைவெளி வரைக்கும் செல்லும் என்று புத்தகம் கேட்பது இதைத்தான்.

என்னைக் கேட்டால் இந்த ஒரு கணக்கைப் புத்தகம் பார்க்காமல் மூன்று நாள் விட்டுவிட்டு மூன்று தடவை போட்டவர் முதல் யூனிட்டைத் தாண்டிவிட்டார்.

இரண்டாம் வரிசை

இங்கே கணக்கு உண்மையில் எளிதாகிறது, நீளம்தான் கூடுகிறது. ஒய்″ + 3ஒய்′ + 2ஒய் = 0 என்று வந்தால் ஒரு இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கிறீர்கள், மூலங்கள் −1, −2, நிரப்புச் சார்பை, அதாவது வலப்பக்கம் பூச்சியமாக இருக்கும்போது வருகிற தீர்வை, எழுதிவிடுகிறீர்கள். மூலங்கள் மூன்று விதமாக வரும், மூன்றுக்கும் மூன்று வடிவம். அதைக் கதவை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஏ.டி.எம். அறைக் கதவைத் தள்ளிவிட்டால் ஆடாமல் மெதுவாக வந்து மூடிக்கொள்ளும், தடை அதிகம், மூலங்கள் இரண்டும் வெவ்வேறு மெய்யெண். பழைய கிளினிக்குகளில் இருக்கிற இரண்டு பக்கமும் திறக்கும் அரைக்கதவு முன்னும் பின்னும் ஆடி ஆடிக் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கும், தடை குறைவு, கலப்பெண் மூலங்கள். ஒய்″ + 2ஒய்′ + 5ஒய் = 0 அந்தக் கதவு, மூலங்களில் கற்பனைப் பகுதி 2 அது ஆடுகிற வேகத்தையும், மெய்ப்பகுதி −1 அது அடங்குகிற வேகத்தையும் சொல்கின்றன. இரண்டு மூலங்களும் சமமாக வருவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எல்லைக் கோடு.

வலப்பக்கம் பூச்சியமில்லாதபோது பி.ஐ. (பர்டிகுலர் இன்டக்ரல், சிறப்புத் தீர்வு) கண்டுபிடிக்க வேண்டும், நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலும் டி-ஆபரேட்டர் முறையில், அதாவது வகையிடலை டி என்ற எழுத்தாக எழுதி இயற்கணிதம் போலக் கையாளும் முறையில், சொல்லித்தருவார்கள். அதில் "கீழே பூச்சியம் வந்தால் எக்ஸ்-ஆல் பெருக்கு" என்று ஒரு விதி வரும், எல்லோரும் எழுதிக்கொள்வார்கள், ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஊஞ்சலுக்கு அதன் சொந்தத் தாளம் இருக்கிறது. நீங்கள் வேறு தாளத்தில் தள்ளினால் அது கொஞ்சம் தடுமாறும், பெரிதாக ஏறாது. அதன் தாளத்திலேயே தள்ளினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் உயரம் கூடிக்கொண்டே போகும். ஒய்″ + 4ஒய் = காஸ் 2எக்ஸ் என்பது அப்படித் தள்ளுவது, ஏனென்றால் இடப்பக்கத்தின் சொந்த ஆட்டமும் 2எக்ஸ்தான். சிறப்புத் தீர்வு (எக்ஸ்/4) சைன் 2எக்ஸ். முன்னால் நிற்கிற எக்ஸ்தான் கூடிக்கொண்டே போகிற உயரம். இருமுறை வகையிட்டு இதைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், எக்ஸ் உள்ள உறுப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு காஸ் 2எக்ஸ் மட்டும் மிஞ்சும்.

அதனால் நிரப்புச் சார்பை எழுதாமல் பி.ஐ.-க்குத் தாவாதீர்கள். வலப்பக்கத்தில் இருப்பது நிரப்புச் சார்பில் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

தேற்றங்களை விட்டுவிடாதீர்கள்

பிக்கார் தேற்றம், லிப்ஷிட்ஸ் நிபந்தனை எல்லாம் வரும் யூனிட்டைப் பலர் சாய்ஸில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமான விஷயம், ஏனென்றால் இந்தப் பாடத்தின் அழகான கேள்வி அங்கேதான் இருக்கிறது: தொடக்கம் தெரிந்தால் தீர்வு ஒன்றே ஒன்றுதானா?

அடியில் ஓட்டை விழுந்த டிரம் ஒன்றை நினையுங்கள். தண்ணீர் இறங்குகிற வேகம், உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம், டோரிச்செல்லி விதியிலிருந்து வருவது. காலையில் போய்ப் பார்க்கிறீர்கள், டிரம் காலி. எப்போது காலியானது? இரவு பத்து மணிக்கா, விடியற்காலை நான்கு மணிக்கா? காலி டிரம்மைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதாவது "இப்போது உயரம் பூச்சியம்" என்ற நிபந்தனையிலிருந்து பின்னோக்கிப் போனால் எண்ணற்ற தீர்வுகள். கணக்கில் இது எங்கே தெரிகிறது என்றால், வர்க்கமூலத்தின் சாய்வு பூச்சியத்தில் எல்லையில்லாமல் போகிறது, அந்தச் சாய்வு ஓர் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்கிற லிப்ஷிட்ஸ் நிபந்தனை அங்கே உடைகிறது. டிரம்மில் ஒரு விரற்கடை தண்ணீர் இருந்தாலும் போதும், கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டி, டிரம் எப்போது நிரம்பியிருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தத் தேற்றத்தின் நிபந்தனைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒவ்வொன்றும் எதற்கு இருக்கிறது என்று தெரியும்.

தீர்க்க முடியாதவற்றையும் போட்டுப் பாருங்கள்

புத்தகத்தில் வருவதெல்லாம் தீர்க்க முடிந்தவை, அதற்காகவே தேர்ந்தெடுத்தவை. வெளியே இருப்பவை பெரும்பாலும் அப்படி இல்லை. நம் பழைய வடஆற்காட்டின் ஜவ்வாது மலையில், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிற காவலூர் வானாய்வகத்திலிருந்து 1988-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள், அதற்கு ராமானுஜன் என்று பெயர். சூரியன் மட்டும் இழுத்தால் அதன் பாதையைச் சூத்திரமாக எழுதிவிடலாம். வியாழனும் மற்றக் கோள்களும் சேர்ந்து இழுக்கும்போது அந்தச் சூத்திரம் போதாது, அடி அடியாகக் கணக்கிட்டுத்தான் போக வேண்டும்.

அடி அடியாகப் போவதன் மிக எளிய வடிவத்தை ஆய்லர் 1768-லேயே எழுதிவிட்டார். கைப்பேசிக் கால்குலேட்டர் போதும். நம் டீயையே எடுங்கள். ஆறுகிற வேகத்தை வித்தியாசத்தால் வகுத்தால் வருகிற மாறிலி நிமிடத்துக்கு 0.0713. இப்போது வித்தியாசம் 50, ஆகவே இந்த நொடியில் ஆறுகிற வேகம் நிமிடத்துக்கு சுமார் 3.57 டிகிரி. 5 நிமிடமும் அதே வேகத்தில் ஆறும் என்று வைத்தால் டீ 62.2 டிகிரி, உண்மையில் 65. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தைத் திருத்திக்கொண்டு ஐந்து அடியில் போனால் 64.5 வரும். அடியைச் சிறிதாக்கினால் உண்மைக்குக் கிட்டே போகிறது. ரூங்கே 1895-லும் குட்டா 1901-லும் செய்தது, அதே எண்ணிக்கையில் அடி வைத்து இன்னும் கிட்டே போவதற்கான வழி. ஒரு தடவை ஆய்லர் முறையைக் கையால் போட்டுவிட்டால் ரூங்கே-குட்டா முறையில் ஒவ்வொரு அடிக்கும் வருகிற அந்த நீளமான கே1, கே2, கே3, கே4 எதற்கு என்று தானே புரியும்.

ஜியோஜீப்ரா என்ற இலவசச் செயலியில் சாய்வுப் புலம் வரைந்து பார்க்கலாம், சின்னச் சின்னக் கோடுகள் நிறைந்த படம், தீர்வுகள் அதன் ஊடே ஆற்று நீர் மாதிரி போகும். காணொளி வேண்டுமென்றால் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்துகிற என்.பி.டி.இ.எல். இணைய விரிவுரைகள் இலவசம். ஆனால் ஒரு காணொளி பார்த்தால் மூன்று கணக்காவது போட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரவு முழுக்கப் பார்த்துவிட்டுப் படித்த மாதிரித் தோன்றும்.

வாரம் எப்படிப் போக வேண்டும்

வகுப்பு நடந்த அன்று இரவே, நோட்டை மூடிவைத்துவிட்டு, ஆசிரியர் பலகையில் போட்ட கணக்கை நீங்களாகப் போடுங்கள். முடியாத இடத்தில் மட்டும் நோட்டைத் திறங்கள். அந்த இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம், அதை மறுநாள் கேளுங்கள். "எனக்கு இந்தக் கணக்கு வரவில்லை" என்று கேட்டால் ஆசிரியர் முழுவதையும் மறுபடி போட்டுக் காட்டுவார், உங்களுக்கு மறுபடி புரிந்த மாதிரி இருக்கும். "மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது" என்று கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மூன்று நான்கு பேராக உட்காருங்கள். ஒருவர் போட, மற்றவர்கள் பதிலைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். வேறு பேப்பர்களில் விடை சரியா என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இந்தப் பேப்பரில் உங்கள் விடையை நீங்களே வகையிட்டு, போட்டு, இரு பக்கமும் ஒன்றாகிறதா என்று பார்த்துவிடலாம்.

தேர்வுக்கு முன் பழைய வினாத்தாள் ஐந்து வருடத்துக்காவது சேர்த்துக்கொள்ளுங்கள், சீனியர்களிடம் இருக்கும். முதல் சுற்றில் தீர்க்காதீர்கள், ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் வகையை மட்டும் பென்சிலில் எழுதிக்கொண்டே போங்கள். எங்கே தயங்கினீர்களோ அந்தக் கணக்குகளை மட்டும் முழுதாகப் போடுங்கள்.

தேர்வு அறையிலும் முதல் ஐந்து நிமிடம் இதே வேலைதான், வினாத்தாளின் ஓரத்தில் எழுத அனுமதி இல்லையென்றால் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதி அடித்துவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு விடையிலும் தொடக்க நிபந்தனையைப் போட்டுப் பாருங்கள். நேரம் இருந்தால் ஒரு முறை வகையிட்டுப் பாருங்கள், ஒரு கூட்டல் கழித்தல் குறி மாறியிருந்தால் அங்கேயே தெரியும், திருத்த இடமும் இருக்கும்.